ஒரு பலவீனமான பிணைப்பும் பல்லாயிரம் மேற்கோள்களும்

ஆண்டுக்கொரு முறை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் உலக விஞ்ஞானிகளின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறார்கள். நம் செய்தித்தாள்கள் அதை ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று எழுதும். அதில் இடம்பிடித்த பேராசிரியரின் படம் கல்லூரி வாசலில் பதாகையாக நிற்கும். ஊர் பெருமைப்படும், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் எதைக் கண்டறிந்தார் என்று பதாகையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. இத்தனை ஆய்வுக்கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், எச்-குறியீடு இவ்வளவு என்று எண்கள் மட்டும் இருக்கும்.

அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு வேதியியலாளரை வைத்துத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்குப் பெங்களூருவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ் ஒரு வேதியியலாளர். நியான், கிரிப்டான், செனான் வாயுக்களை வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர். கழகம் பிறந்த நாளிலிருந்தே வேதியியல் அங்கே வேரூன்றியிருக்கிறது.

நான் எடுத்துக்கொள்ளும் வேதியியலாளர் கௌதம் தேசிராஜு. 1952இல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1976இல் முனைவர் பட்டம் பெற்று, கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு இந்தியா திரும்பினார். 1979 முதல் முப்பது ஆண்டுகள் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 2009இல் இந்திய அறிவியல் கழகத்தின் திண்மநிலை மற்றும் கட்டமைப்பு வேதியியல் பிரிவுக்கு வந்தார். நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் எழுதியிருக்கிறார். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் இந்திய வேதியியலாளர்களில் ஒருவர். 1995இல் ‘ஆங்கெவாண்டே கெமி’ என்ற ஜெர்மன் ஆய்விதழில் அவர் தனியொருவராக எழுதிய ஒரு கட்டுரையை மட்டும் பல ஆயிரம் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

பல ஆயிரம் பேர் ஏன் அந்தக் கட்டுரையைத் தேடிப் போனார்கள்? அதைப் புரிந்துகொள்ள, அவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

கரிம வேதியியலாளர் என்றதும் நம் மனத்தில் வருபவர், குடுவையில் இரண்டு பொருள்களைக் கலந்து மூன்றாவதை உருவாக்குபவர். கார்பன் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துப் புதிய மூலக்கூறு கட்டுவது அவர் தொழில். மூலக்கூறு உருவானதும் வேலை முடிந்தது. கரைசலை ஆறவிட்டால் வெள்ளைப் படிகங்கள் அடியில் படியும், வடிகட்டி எடுத்து வைத்துக்கொள்வார். தேசிராஜு போன்றவர்களின் கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்கிறது. கரைசலில் கோடானுகோடி மூலக்கூறுகள் தாறுமாறாக அலைந்துகொண்டிருந்தன. படிகத்துக்குள் அவை அத்தனையும் ஒரே திசையில், ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல் எப்படி உட்கார்ந்தன? எந்த மூலக்கூறு எதன் பக்கத்தில் அமர வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அதை நாம் முன்கூட்டியே திட்டமிட முடியுமா?

இது பொழுதுபோக்குக் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை படிகப் பொடிகள். ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டால் இரண்டு விதமான படிகம் கிடைக்கும். ஒன்று வயிற்றில் சட்டென்று கரையும், மற்றொன்று கரைய மறுக்கும். 1996இல் அபாட் நிறுவனம் ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு படிக வடிவம் தொழிற்சாலையில் தானாகத் தோன்றியது. மூலக்கூறு அதேதான், ஓர் அணுகூட மாறவில்லை. அடுக்கு மட்டும் மாறியிருந்தது. புதிய வடிவம் சரியாகக் கரையவில்லை. அது ஒருமுறை தோன்றிய பிறகு பழைய வடிவத்தைத் தயாரிப்பதே பெரும்பாடாகிவிட்டது. நோயாளிகள் நம்பியிருந்த கேப்ஸ்யூல்களைத் திரும்பப் பெற்று, மருந்தை வேறு முறையில் தயாரித்துத் தர வேண்டியிருந்தது. மூலக்கூறுகள் தங்களுக்குள் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கைகோத்தல் என்று சொன்னேன். அந்தக் கைகளில் முக்கியமானது ஹைட்ரஜன் பிணைப்பு. பள்ளியிலேயே படித்திருப்போம்: தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மையோடு நிற்கிறது, பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் அதை ஈர்க்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 110 கிலோகலோரி வேண்டும். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பைப் பிரிக்க 5 கிலோகலோரி போதும். இந்த ஐந்து கிலோகலோரிதான் கடலைக் கடலாக வைத்திருக்கிறது. லினஸ் பாலிங் 1939இல் எழுதிய ‘வேதிப் பிணைப்பின் இயல்பு’ என்ற நூல் இந்தப் பிணைப்பை வேதியியலாளர்கள் அனைவருக்கும் கற்பித்தது. எலக்ட்ரான்களை வலுவாக இழுக்கும் ஃப்ளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன்தான் இதில் பங்குபெறும் என்பது பாடமாக நிலைத்தது. கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனுக்கு அந்தத் தகுதி இல்லை என்றார்கள்.

கரிமப் பொருள்களில் மிகுதியாக இருப்பதே கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்தான். அதற்குத் தகுதியில்லை என்பதை முதலில் வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஜூன் சூட்டர். நியூசிலாந்துக்காரர். காபியில் இருக்கும் காஃபீன், தேயிலையில் இருக்கும் தியோஃபிலின் ஆகியவற்றின் படிக அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு 1958இல் கண்டறிந்தவர். பிறகு லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இருந்தபோது பல படிகங்களின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன் சில இடங்களில் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை, சாதாரணமாக அணுக்கள் நெருங்கும் தூரத்தையும் மீறி நெருங்கியிருந்தது. ஈர்ப்பு இல்லாமல் இவ்வளவு நெருக்கம் எப்படி வரும்? 1962இல் ‘நேச்சர்’ இதழிலும் அடுத்த ஆண்டு லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழிலும் எழுதினார்: கார்பன்–ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு என்ற ஒன்று இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினரும் இந்தப் பிணைப்பை வேறொரு வழியில் நெருங்கியிருந்தார்கள். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கும் புரதமான கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950களின் நடுவில் காட்டினார்கள். ஆய்வுக்கான கொலாஜன் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. இழைகள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்று யோசித்தபோது, கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் கை கொடுக்கக்கூடும் என்று 1960களின் நடுவில் ராமச்சந்திரன் குழு எழுதியது.

1968இல் ஜெர்ரி டோனஹ்யூ இந்த எண்ணத்தை மறுத்து எழுதினார். அவர் சாதாரண ஆள் அல்ல. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ-வின் காரங்களைத் தவறான வடிவத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, சரியான வடிவத்தைச் சுட்டிக்காட்டியவர் அவர்தான். அந்தத் திருத்தம் இல்லாமல் இரட்டைச் சுருள் கிடைத்திருக்காது. ஹைட்ரஜன் பிணைப்பு பற்றி அவர் சொன்னால் உலகம் கேட்கும். கேட்டது. பாலிங்கைச் சிறப்பிக்க வெளிவந்த தொகுப்பில் அந்த மறுப்பு இடம்பெற்றதால் அதன் எடையும் கூடியது. சூட்டரின் கட்டுரைகள் பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தன. அவர் சிறுநீரகக் கற்களின் ஆய்வில் ஈடுபட்டார். 1970இல் யாராவது மேற்கோள் கணக்கை வைத்து ஜூன் சூட்டரை எடை போட்டிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர் சொன்னது சரி.

சரி என்று காட்ட இருபது ஆண்டுகள் ஆயின. எக்ஸ் கதிர் ஹைட்ரஜனைத் தெளிவாகக் காட்டாது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். நியூட்ரான் கற்றை காட்டும். கேம்பிரிட்ஜில் ஓல்கா கென்னார்ட் 1965இல் தொடங்கிய படிக அமைப்புத் தரவுத்தளத்தில் நியூட்ரான் கொண்டு அளந்த படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தன. அவற்றில் 113 படிகங்களை எடுத்து ராபின் டெய்லரும் கென்னார்டும் 1982இல் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார்கள். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன் ஆக்சிஜனை நாடி நிற்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அந்தத் தரவுத்தளம் 2019இல் பத்து லட்சம் படிகங்களைத் தொட்டது.

தேசிராஜு வருவது இங்கேதான். பிணைப்பைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. அது இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை விட்டுவிட்டு, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டவர் அவர். 1991இல் ‘படிகங்களில் கார்பன்–ஹைட்ரஜன்–ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பு: அது என்ன?’ என்று தலைப்பையே கேள்வியாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஹைட்ரஜனின் அமிலத் தன்மை கூடக் கூட இந்தப் பிணைப்பின் நீளம் ஒழுங்காகக் குறைகிறது என்று காட்டினார். தற்செயலான நெருக்கம் இப்படி ஒழுங்காகக் குறையாது. 1999இல் தாமஸ் ஸ்டைனருடன் சேர்ந்து பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார், ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது.

பலவீனமான பிணைப்பு எப்படி ஒரு படிகத்தின் உருவத்தைத் தீர்மானிக்கும்? ஒரு கார்பன்–ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பின் வலு பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிலோகலோரிதான்; தண்ணீரின் பிணைப்பில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு கரிம மூலக்கூறில் இப்படிப் பல ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. திருவாரூர்த் தேரை ஒருவர் கை அசைக்காது. வடத்தில் ஆயிரம் கைகள் ஒரே பக்கம் இழுக்கும்போது தேர் தெரு திரும்புகிறது. படிகத்திலும் சின்னச் சின்ன விருப்பங்கள் ஒரே திசையில் கூடி அடுக்கின் போக்கை முடிவு செய்கின்றன. 1996இல் ஜோர்டி பெல்லாவும் ஹெலன் பெர்மனும் கொலாஜன் போன்ற முச்சுருள் ஒன்றின் படிகத்தில் இந்தப் பிணைப்புகளைக் கண்ணெதிரே காட்டினார்கள். சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊகித்தது நம் தோலுக்கும் எலும்புக்கும் உள்ளே இருந்திருக்கிறது.

இனி அந்த 1995 கட்டுரைக்கு வரலாம். கரிம வேதியியலில் இ. ஜே. கோரி 1967இல் ஒரு புதிய சிந்தனை முறையைக் கொடுத்திருந்தார். சிக்கலான மூலக்கூறை உருவாக்க வேண்டுமானால், முடிவிலிருந்து பின்னோக்கி யோசி. அதை மனத்தில் துண்டு துண்டாக உடை. எளிதில் கிடைக்கும் துண்டுகள் வரும்வரை உடைத்துக்கொண்டே போ. அந்தத் துண்டுகளை அவர் ‘சிந்தான்’ என்றார். இந்த வழிக்காக 1990இல் நோபல் பரிசு பெற்றார். தேசிராஜு அதே சிந்தனையை ஒரு படி மேலே கொண்டுபோனார். மூலக்கூறு அணுக்களால் ஆனது போல், படிகம் மூலக்கூறுகளால் ஆனது. அப்படியானால் படிகத்தையும் பின்னோக்கி உடைத்துப் பார்க்கலாம். மூலக்கூறுகளுக்கு இடையே திரும்பத் திரும்ப வரும் கைகோப்பு வடிவங்கள் எவை? அவைதான் படிகத்தின் சிந்தான்கள் என்றார்.

ஓர் உதாரணம் போதும். பென்சாயிக் அமில மூலக்கூறு ஒன்றில் ஓர் அமிலத் தொகுதி இருக்கிறது. இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே வந்து, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் எட்டு அணுக்கள் கொண்ட ஒரு வளையத்தை அமைக்கின்றன. ஜோடியோடு கதை முடிகிறது. அதே பென்சீன் வளையத்தின் இரண்டு எதிர்முனைகளிலும் அமிலத் தொகுதி இருந்தால் அது டெரிஃப்தாலிக் அமிலம். இரண்டு பக்கமும் கை நீட்டும். ஜோடி முடியாமல் நீண்ட சங்கிலி ஆகும். மூன்று முனைகளில் தொகுதி இருந்தால் டிரைமெசிக் அமிலம். மூன்று திசையிலும் கை நீட்டும். அறுகோணக் கட்டங்கள் கொண்ட வலை விரியும். கைகோக்கும் விதம் மூன்றிலும் ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டவர் ஜோடி வேண்டுமா, சங்கிலி வேண்டுமா, வலை வேண்டுமா என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். படிகம் தற்செயலாக விழுவது என்ற நிலை மாறி, வடிவமைக்கக்கூடியது ஆயிற்று. இதுதான் படிகப் பொறியியல். மேற்கோள்கள் குவிந்ததன் காரணம் இங்கே இருக்கிறது: உலகின் எந்த மூலையில் யார் புதிய படிகம் செய்தாலும் அதை விவரிக்க இந்த மொழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. மருந்து மூலக்கூறோடு இன்னொரு பாதுகாப்பான மூலக்கூறைச் சேர்த்துப் புதிய படிகமாக்கிக் கரைதிறனைக் கூட்டும் இன்றைய முயற்சிகள் எல்லாம் இந்த மொழியில்தான் பேசுகின்றன. இந்தத் துறைக்கென்றே பிரிட்டனில் 1999இலும் அமெரிக்காவில் 2001இலும் தனி ஆய்விதழ்கள் தொடங்கப்பட்டன. 2011 முதல் 2014 வரை தேசிராஜு சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். 2014ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசப் படிகவியல் ஆண்டாக அறிவித்தது.

இத்தனை மேற்கோள்களையும் எண்ணியது யார்? விஞ்ஞானிகளின் எழுத்தை எண்ணும் கலை வளர்ந்ததே வேதியியலாளர்களை எண்ணித்தான். 1926இல் ஆல்ஃபிரெட் லோட்கா, வேதியியல் கட்டுரைச் சுருக்கங்களின் பத்தாண்டுச் சுட்டியை எடுத்து, ஏ, பி ஆகிய இரண்டு எழுத்துகளில் பெயர் தொடங்கும் 6,891 பேரைக் கணக்கிட்டார். ஏறத்தாழ 58 சதவீதம் பேர் ஒரே ஒரு கட்டுரையோடு நின்றிருந்தார்கள். இரண்டு எழுதியவர்கள் அதில் கால் பங்கு, மூன்று எழுதியவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்று எண்ணிக்கை சரிந்தது. நூற்றுக்கணக்கில் எழுதுபவர் எவ்வளவு அரியவர் என்பதற்கு முதல் கணக்கு இது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் கிராஸ் என்ற பெயருடைய இருவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: சிறிய கல்லூரி நூலகத்துக்கு எந்தெந்த வேதியியல் இதழ்களை வாங்குவது? அமெரிக்க வேதியியல் சங்க இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியைப் பிரித்து, அதில் காட்டப்பட்ட 3,633 மேற்கோள்களையும் எண்ணினார்கள். மேற்கோள் எண்ணிக்கையின் முதல் பயன் இதுதான். ஒரு நூலகம் தன் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதற்காக எண்ணினார்கள். ஒரு மனிதரை எடை போடுவதற்காக எண்ணவில்லை.

எண்ணிக்கையை நூலகத்துக்குக் கொண்டுவந்ததில் நம்மவர் ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க ஒரு தனித் துறை வேண்டும் என்று முன்மொழிந்தார். பிற்காலத்தில் உலகெங்கும் வளர்ந்த நூலளவையியலுக்கு அது ஒரு முன்னோடி. 1962இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் அவர் ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை நிறுவியது பெங்களூருவில்தான். 1972இல் அவர் மறைந்ததும் அதே ஊரில். மூலக்கூறுகள் கைகோப்பதை ஆராயும் கூடமும், கட்டுரைகள் கைகோப்பதை ஆராயும் மையமும் ஒரே நகரத்தில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

மேற்கோள் கணக்கைப் பெருந்தொழிலாக்கியவரும் வேதியியல் பட்டதாரிதான்: யூஜீன் கார்ஃபீல்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னர் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் தேடப் பயன்படுத்திய சுட்டியைப் பார்த்து, அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். 613 இதழ்களிலிருந்து 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டி முதல் அறிவியல் மேற்கோள் சுட்டியை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு கருத்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடிக்கும் கருவியாகவே அது பிறந்தது. நம் சூட்டரின் 1962 கட்டுரையை எடுத்து, அதைப் பிற்காலத்தில் யார் யார் படித்தார்கள் என்று பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

எச்-குறியீடு மிகவும் பின்னால் வந்தது. ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்னது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 50, 12, 6, 4, 1 மேற்கோள்கள் கிடைத்திருந்தால், குறைந்தது நான்கு மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் நான்கு. ஆகவே அவருடைய எச்-குறியீடு 4. இன்னொருவருக்கு 4, 4, 4, 4, 0 என்றிருந்தால் அவருக்கும் 4தான். முதலாமவர் எழுதிய, ஐம்பது மேற்கோள் பெற்ற கட்டுரை ஒரு துறையையே திருப்பியிருக்கலாம். குறியீடு அதைப் பார்ப்பதில்லை.

மேற்கோள் எண்ணிக்கைக்கு வேறு மயக்கங்களும் உண்டு. உலகில் மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை, புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி 1951இல் எழுதிய செய்முறை. மூன்று லட்சத்துக்கும் மேல். பயனுள்ள செய்முறை, ஆனால் இரட்டைச் சுருளை விடப் பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படிகவியலிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ் என்ற கணினி நிரல் இல்லாமல் படிக அமைப்பைக் கண்டறிபவர்கள் குறைவு. அந்த நிரலின் வரலாற்றை அவர் 2008இல் கட்டுரையாக எழுத, பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். கட்டுரை வந்த ஆய்விதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், 2இலிருந்து ஒரே ஆண்டில் ஏறத்தாழ 50க்குத் தாவியது. அந்த இதழில் வந்த மற்ற கட்டுரைகளின் தரம் ஒரே ஆண்டில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்திருக்க முடியுமா?

எதிர்த்திசையிலும் பிழை நேரும். ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் அதன் மூலக்கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இல் சென்னையிலிருந்து எழுதிய கட்டுரையில் பிறந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்று புரத அமைப்பைத் தீர்மானிக்கும் ஒவ்வொருவரும் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கணினி அதைத் தானாகவே வரைந்து தருகிறது. மூலக்கட்டுரையை அவர்கள் அத்தனை பேரும் மேற்கோள் காட்டுவதில்லை. மிகப் பெரிய வெற்றி எண்ணிக்கைக்குத் தென்படாமலே போய்விடுகிறது. ராமச்சந்திரன் பிறகு பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

ஆகவே என் முடிவு இது. மேற்கோள் எண்ணிக்கை ஒரு கருத்து பயணம் செய்த தூரத்தைக் காட்டுகிறது. அந்தத் தூரத்தை அறிய அது நல்ல கருவி. தேசிராஜுவின் 1995 கட்டுரை நெடுந்தூரம் போயிருக்கிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண்ணைக் கட்டுரைக்குப் பதிலாக வைப்பது அநியாயம். 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான ஆராய்ச்சி மதிப்பீட்டுப் பிரகடனம், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நம் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்கள் விண்ணப்பதாரரிடம் ‘உங்கள் கட்டுரைகளில் சிறந்தது எது, அதைச் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பலவீனமான பிணைப்பின் கதைக்கு ஓர் அத்தியாயம் மீதி இருக்கிறது. கருத்து மாறிவிட்டால், பாடமும் மாற வேண்டாமா? தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான சர்வதேச ஒன்றியம், மாணவர்கள் வாயில் ஐயுபேக், ஹைட்ரஜன் பிணைப்பை மறுபடி வரையறுக்க ஒரு குழு அமைத்தது. தலைமை தாங்கியவர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். தேசிராஜு அதில் முக்கிய உறுப்பினர். பல நாடுகளைச் சேர்ந்த 14 பேர் கையெழுத்திட்ட அந்தப் பரிந்துரை 2011இல் வெளிவந்தது. ஹைட்ரஜனோடு ஒட்டிய அணு ஃப்ளோரினாகவோ ஆக்சிஜனாகவோ நைட்ரஜனாகவோதான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. அந்த அணுவின் எலக்ட்ரான் கவர்தன்மை ஹைட்ரஜனுடையதை விட அதிகமாக இருந்தால் போதும். பிணைப்பு உருவானதற்குச் சான்றும் இருக்க வேண்டும். ஹைட்ரஜனின் கவர்தன்மை 2.2, கார்பனுடையது 2.55. சூட்டர் 1962இல் சொன்ன கார்பன் உள்ளே வந்துவிட்டது.

கந்தகத்துக்கும் வழி திறந்தது. திண்ம நிலையில் ஒவ்வொரு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறையும் பன்னிரண்டு அண்டை மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பதைப் பார்த்து, அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்று பாலிங் முடிவு செய்திருந்தார். பனிக்கட்டியில் அண்டை நான்குதான். அருணன் குழுவும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, கடுங்குளிரில் தனித்து நிற்கும் இரண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறுகள் தண்ணீரைப் போலவே ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன என்று 2018இல் காட்டினார்கள்.

அந்த 2011 பரிந்துரை ‘தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல்’ இதழின் 83ஆம் தொகுதியில், 1637ஆம் பக்கத்தில் தொடங்கி 1641இல் முடிகிறது. ஐந்தே பக்கங்கள். பிணைப்பை அடையாளம் காண ஆறு அளவுகோல்கள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் வேதியியல் படிக்கும் மாணவர்களும் கற்பிக்கும் ஆசிரியர்களும் அதைத் தேடியெடுத்து, ஒரே அமர்வில் முழுவதுமாகப் படியுங்கள்.